இரண்டு தணிக்கைகள்



தமிழில் தணிக்கை என்ற ஒரே சொல்லால் இரண்டு வேலைகளைக் குறிக்கிறோம். இந்தக் காட்சி ஆகாது, அந்த வசனம் ஆகாது என்று படத்தை வெட்டுவதும் தணிக்கை. வரவு செலவை ரசீதுகளோடு ஒப்பிட்டுக் கணக்கைச் சரிபார்ப்பதும் தணிக்கை. ஒருவர் கையில் கத்தரிக்கோல், மற்றவர் கையில் பேரேடு. சொல் ஒன்றாக இருந்தாலும், சினிமாத் தணிக்கையில் கோபப்பட்டதற்காக ஒருவரைக் கணக்குத் தணிக்கையில் குற்றவாளி ஆக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் 2011-இல் அமெரிக்காவின் அனிமே டப்பிங் நிறுவனமான ஃபோர்கிட்ஸ் என்டர்டெயின்மென்ட் மீது, உரிமத் தொகையைக் குறைத்துக் கொடுத்தது, ஒப்பந்தங்களை மறைத்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, ரசிகர்களில் பலர் செய்தது இதைத்தான். கத்தரிக்கோல் மீது பல ஆண்டுகளாக இருந்த கோபத்தைக் கொண்டு பேரேட்டுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். அது ஏன் தவறு, அந்தத் தவறால் நஷ்டப்பட்டவர்கள் யார், ரசிகர் என்ற நிலையில் நின்றே இதைவிட நேர்மையாக எப்படி எதிர்வினை ஆற்றலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அந்தக் கோபத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். அது காரணமில்லாத கோபம் இல்லை. நியூயார்க்கைச் சேர்ந்த இந்த நிறுவனம் 1970-இல் லெஷர் கான்செப்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 1995-இல் ஃபோர்கிட்ஸ் ஆனது. 1998-இல் போக்கிமானை ஆங்கிலத்தில் கொண்டுவந்து அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சியின் முகத்தையே மாற்றியது. 2001-இல் யு-கி-ஓ, 2004-இல் ஒன் பீஸ் என்று வரிசை நீண்டது. அந்த டப்பிங்கில் நடந்ததை ஒரு காட்சியை அருகில் வைத்துப் பார்த்தால் புரியும். போக்கிமானில் பிராக் என்ற பாத்திரம் கையில் வைத்திருப்பது வெள்ளைச் சோற்றை முக்கோணமாகப் பிடித்துக் கடற்பாசி சுற்றிய ஒனிகிரி. திரையில் அது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அவன் வாய் அதை ஜெல்லி வைத்த டோனட் என்கிறது. பார்க்கும் குழந்தையின் கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்கிறது. யு-கி-ஓவில் துப்பாக்கிகள் அழிக்கப்பட்டதால், கறுப்புக் கோட்டு ஆட்கள் வெறும் விரலை நீட்டி மிரட்டுகிறார்கள். மரணம் இருந்த இடத்தில் நிழல் உலகம் என்றொரு இடம் வந்தது. ஒன் பீஸில் சாஞ்சி என்ற பாத்திரத்தின் வாயிலிருந்த சிகரெட் லாலிபாப் ஆனது. முழு அத்தியாயங்களே காணாமல் போயின. காலை நேரச் சிறுவர் ஒளிபரப்புக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிகள் வைத்திருந்த கட்டுப்பாடுகள் இதற்கு ஒரு காரணம்தான். ஆனாலும், மூலக்கதையை நேசித்தவர்களுக்கு இது ஜப்பானியப் படைப்பின் ஊரையும் உணவையும் சாவையும் துடைத்தெடுத்த வேலையாகத் தெரிந்தது. அந்த மதிப்பீட்டோடு எனக்கும் உடன்பாடு உண்டு.

இனிக் கணக்குக்கு வருவோம். ஓர் அனிமே தொடரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் நிறுவனம் பெரும்பாலும் அதன் சொந்தக்காரர் ஆவதில்லை. உரிமம் பெறுகிறது, அவ்வளவுதான். தொலைக்காட்சிக்கு விற்ற பணம், டிவிடி விற்ற பணம், பொம்மைக்கும் அட்டைக்கும் சட்டைக்கும் படம் போட அனுமதித்த பணம் எல்லாம் முதலில் அந்த நிறுவனத்துக்கு வரும். அதிலிருந்து தன் தரகுத் தொகையையும், ஒப்பந்தம் அனுமதிக்கும் செலவுகளையும் கழித்துக்கொண்டு மீதியை உரிமையாளருக்கு அனுப்பும். எந்தச் செலவைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது, துணை ஒப்பந்தங்களில் கிடைக்கும் முன்பணத்தை எந்தத் தலைப்பில் காட்ட வேண்டும் என்பதெல்லாம் பல பக்க ஒப்பந்தத்தின் உட்பிரிவுகளில் இருக்கும். இந்தத் தொழிலில் கணக்குத் தகராறு வருவது அபூர்வம் இல்லை என்பதால்தான், ஏறக்குறைய எல்லா உரிம ஒப்பந்தங்களிலும் உரிமையாளர் தணிக்கையாளரை அனுப்பலாம் என்ற பிரிவும், குறை கண்டால் எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும் என்ற பிரிவும் எழுதப்படுகின்றன.

யு-கி-ஓ விஷயத்தில் அப்படி ஒரு தணிக்கை நடந்தது. தொடரின் உரிமத்தை வழங்கிய டிவி டோக்கியோவும் நிஹான் ஆட் சிஸ்டம்ஸும் 2011 மார்ச் கடைசியில் உரிமத்தை ரத்து செய்வதாக அறிவித்து, நியூயார்க்கில் வழக்கும் தொடுத்தன. கழிக்கக் கூடாத செலவுகளைக் கழித்தார்கள், வீட்டு வீடியோ விற்பனை தொடர்பாக ஃபனிமேஷன், மஜெஸ்கோ போன்ற நிறுவனங்களோடு செய்த பக்க ஒப்பந்தங்களைத் தெரிவிக்கவில்லை, கிட்டத்தட்ட 50 லட்சம் டாலர் பாக்கி இருக்கிறது என்பவை குற்றச்சாட்டின் சாரம். ஃபோர்கிட்ஸ் இதை மறுத்தது. சில நாட்களிலேயே, ஏப்ரல் 6 அன்று, அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயத்தின் கீழ் பாதுகாப்புக் கேட்டு மனுப் போட்டது.

ரசிகர்களிடம் எழுந்த எதிர்வினையில் மூன்று இழைகள் பின்னிக் கிடந்தன. முதலாவது கொண்டாட்டம். ஒன் பீஸுக்குச் செய்த பாவம் இப்போது பலிக்கிறது என்ற தொனி எங்கும் கேட்டது. இரண்டாவது உறுதி. திவால் மனுவையே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது, இந்த வழக்கைப் படைப்பாளிக்கும் படைப்பைச் சிதைத்தவனுக்கும் நடக்கும் போராக வாசித்தது. மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தால், பின்னிரண்டும் சான்றின் முன் நிற்கவில்லை என்பது தெரியும். 11-ஆம் அத்தியாயம் கடையை இழுத்து மூடும் அத்தியாயம் இல்லை. தொழிலை நடத்திக்கொண்டே கடனைச் சீரமைக்க அவகாசம் தரும் அத்தியாயம். அந்த மனு பதிவான நிமிடமே நிறுவனத்துக்கு எதிரான வழக்குகளும் வசூல் நடவடிக்கைகளும் நிறுத்தி வைக்கப்படும். கையிலிருந்த மிகப் பெரிய உரிமம் பறிபோகும் நிலையிலுள்ள எந்த நிறுவனமும், நியாயம் தன் பக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் கதவைத் தட்டும். அதை வாக்குமூலமாக வாசித்தது பிழை. படைப்பாளி என்ற பேச்சும் அப்படியே. யு-கி-ஓவைப் படைத்தவர் மங்கா கலைஞர் கசுகி தகாஹாஷி. வழக்குத் தொடுத்தவை ஒரு தொலைக்காட்சி நிறுவனமும் ஒரு விளம்பரக் குழுமத்தின் துணை நிறுவனமும். வழக்கின் எந்தப் பக்கத்திலும் வெட்டப்பட்ட காட்சிக்காகப் பேச ஒருவரும் இல்லை. அங்கே பேச்சு முழுக்கப் பணத்தைப் பற்றியது.

பிறகு என்ன நடந்தது? திவால் நீதிமன்றத்தில் சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். 2011 டிசம்பர் இறுதியில் நீதிபதி ஷெல்லி சாப்மன் தீர்ப்பளித்தார். உரிமத்தை ரத்து செய்தது செல்லாது, ஒப்பந்தம் கேட்ட முறையான அறிவிப்பும் அவகாசமும் தரப்படவில்லை, எனவே உரிமம் உயிரோடுதான் இருக்கிறது என்பது அதன் மையம். 2012-இன் தொடக்கத்தில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அந்தச் சமரசத்தில் பணம் போன திசையைக் கவனிக்க வேண்டும். 80 லட்சம் டாலர் ஃபோர்கிட்ஸுக்கு வந்தது. ஒன்பது மாதங்களுக்கு முன் பல ரசிகர்கள் எழுதி முடித்திருந்த தீர்ப்பும், சாட்சியைக் கேட்ட நீதிமன்றம் வந்து சேர்ந்த இடமும் எதிரெதிர்த் திசைகளில் நின்றன.

அதே 2011-இல் தொடங்கிய இன்னொரு வழக்கை இதன் அருகில் வைத்துப் பார்ப்போம். டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் 1992-இல் தொடங்கிய ஏ.டி. விஷன், அமெரிக்க அனிமே ரசிகர்களின் செல்லப் பிள்ளை. நியான் ஜெனசிஸ் எவாஞ்சலியனை ஆங்கிலத்தில் கொண்டுவந்த நிறுவனம் அது. 2008-இல் நெருக்கடியில் சிக்கி, அதன் 30-க்கும் மேற்பட்ட தொடர்கள் ஃபனிமேஷனுக்குக் கைமாறின. 2009 செப்டம்பரில் அது தன் சொத்துகளைப் பல புதிய நிறுவனங்களுக்கு விற்றது. 2011 நவம்பரில் ஃபனிமேஷன் வழக்குப் போட்டது. 80 லட்சம் டாலர் கடனிலிருந்து தப்பவே மோசடியாகச் சொத்துகளைக் கைமாற்றினார்கள், பெயர்ப்பலகை மாறியதே தவிர ஆட்கள் மாறவில்லை என்பது அதன் வாதம். குற்றச்சாட்டின் கனத்தைப் பார்த்தால், கழிவுத் தகராறைவிட இது கடுமையானது. ஆனால் இங்கே கொண்டாட்டம் இல்லை. கருத்து பிளந்து நின்றது. புதிய நிறுவனமான சென்டாய் ஃபிலிம்வொர்க்ஸ் வெளியிடும் தொடர்கள் என்ன ஆகும் என்ற கவலை முன்னால் வந்தது. இரண்டு தரப்பையும் கேட்க வேண்டும் என்ற பொறுமையும் இருந்தது. 2014-இல் அந்த வழக்கும் சமரசத்தில் முடிந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் ஊரில் சொல்வார்கள். ஏ.டி. விஷனுக்குக் கிடைத்த பொறுமையில் தவறே இல்லை. சரியான எதிர்வினை அதுதான். அந்தப் பொறுமை பிடித்த நிறுவனத்துக்கு மட்டும் கிடைத்தது என்பதே சிக்கல். ரசிகர்களின் முடிவை நிர்ணயித்தது டப்பிங் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்பதுதான். சான்றின் கனத்துக்கு அதில் பங்கு குறைவு.

இதற்குச் சில மறுப்புகள் உண்டு. அவற்றில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். படைப்பையே மதிக்காதவன் பணத்தை மட்டும் மதித்துக் கொடுப்பானா, குணம் என்பது ஒன்றுதானே என்று கேட்கலாம். மனித வாழ்வில் குணத்தை வைத்து எடைபோடுவது இயல்பு. ஆனால் இங்கே அந்த வாதம் பொருந்தவில்லை. வெட்டி ஒட்டிய ஒவ்வொரு அத்தியாயமும் வெளிப்படையாக ஒளிபரப்பானது. யார் வேண்டுமானாலும் மூலத்தோடு வைத்துப் பார்க்கலாம். கணக்கு மோசடி என்பதோ மறைப்பில் உயிர் வாழ்வது. பகிரங்கமாகச் செய்த ரசனைக் கேடு, மறைவில் செய்ததாகச் சொல்லப்படும் ஏமாற்றுக்குச் சாட்சி ஆகாது. எதிர்த்திசையிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மூலத்துக்கு நூறு சதவீதம் விசுவாசமாக டப்பிங் செய்யும் நிறுவனம் ஒன்று குரல் கலைஞர்களுக்குச் சம்பள பாக்கி வைக்கலாம், உரிமையாளரிடம் கணக்கை மறைக்கலாம். அதன் டப்பிங் அழகாக இருக்கிறது என்பதற்காக நாம் அதை நம்பினால் ஏமாறுவது நாம்தான். குணம் ஒன்றே என்ற வாதம் கெட்டவர் என்று நாம் முடிவு கட்டியவரைத் தண்டிப்பதோடு நிற்பதில்லை. நல்லவர் என்று முடிவு கட்டியவர் தப்பிக்கவும் அதுவே வழி செய்கிறது.

தீர்ப்பு வெறும் நடைமுறையைப் பற்றியது, ரத்து செய்த முறை தவறு என்றதே தவிர நிறுவனம் பரிசுத்தம் என்று சொல்லவில்லையே என்பது இரண்டாவது மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். சமரசத்தில் முடியும் வழக்கு எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லி முடிவதில்லை. கழிவுகள் சரியா, பக்க ஒப்பந்தங்களைச் சொல்லாதது எந்த அளவு தவறு என்பவை ஒப்பந்தச் சட்டம் படித்தவர்கள் இன்றும் விவாதிக்கக்கூடியவை. ஆனால் நான் ஃபோர்கிட்ஸ் நிரபராதி என்று வாதாட வரவில்லை. 2011 ஏப்ரலில், வெளியே இருந்த எந்த ரசிகர் கையிலும் அது குற்றவாளி என்று முடிவு செய்யப் போதுமான சான்று இல்லை என்பதே என் வாதம். மேலும், நடைமுறையை ‘வெறும் நடைமுறை’ என்று சொல்லித் தள்ளுவதற்கு நான் தயங்குவேன். குறை சொன்னால் பதில் சொல்லவும் திருத்தவும் அவகாசம் கொடு என்பது ஒப்பந்தத்தில் எழுதிய ஒரு வரி மட்டும் இல்லை. நாளைக்கு ஓர் எளிய டப்பிங் கலைஞரோ மொழிபெயர்ப்பாளரோ பெரிய நிறுவனத்தின் முன் நிற்கும்போது அவரைக் காப்பாற்றப்போவதும் அதே வரிதான்.

ரசிகர்கள் நீதிபதிகளா என்ன, ஏதோ ஆத்திரத்தில் பேசினார்கள், அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று மூன்றாவதாகக் கேட்கலாம். ரசிகர் பேச்சு வழக்கை மாற்றியது என்று நானும் சொல்லமாட்டேன். நிறுவனத்தைத் தள்ளாட வைத்தவை வழக்கும், பல ஆண்டு நஷ்டமும், போக்கிமானை இழந்ததும்தான். ஆனால் அந்தக் கொண்டாட்டம் சில மனிதர்களைக் கண்ணில் படாமல் செய்துவிட்டது. நிறுவனம் ஒன்று விழும்போது, முதலில் வேலை போவது வெட்டச் சொன்னவருக்கு இல்லை. குரல் கொடுத்தவர், ஒலி சேர்த்தவர், உதட்டசைவுக்கு ஏற்ப வசனம் எழுதியவர் ஆகியோருக்கே போகிறது. 2012-இன் நடுவில் அதன் டப்பிங் கூடமே மூடப்பட்டது. யு-கி-ஓ உரிமம் கோனாமியின் துணை நிறுவனத்துக்கும், மற்ற பல உரிமங்கள் சபான் குழுமத்தின் தொடர்புடைய நிறுவனத்துக்கும் போயின. பார்வையாளருக்கும் இழப்பு இருந்தது. யு-கி-ஓ ஃபைவ் டீஸ் தொடரின் ஆங்கில டப்பிங் 2011-இல் பாதி வழியில் நின்றது. ஜப்பானில் 154 அத்தியாயங்கள் ஓடிய அந்தக் கதையின் கடைசிப் பகுதி ஆங்கிலக் குரலில் வரவே இல்லை. அந்தக் குரல்களோடு ஆண்டுக்கணக்கில் நடந்து வந்த சிறுவனுக்கு முடிவு கிடைக்காமல் போனது.

இதைவிட நன்றாக நடந்துகொள்ள ரசிகர்களுக்குத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. 2011-க்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர்களே அப்படி நடந்து காட்டியிருந்தார்கள். 2005-ஆம் ஆண்டு முடிவோடு போக்கிமான் உரிமம் ஃபோர்கிட்ஸிடமிருந்து போனது. 2006-இல் புதிய நிர்வாகம் பழைய குரல் கலைஞர்களை மாற்றியது. அப்போது ரசிகர்கள் அந்தக் குரல்களைக் காப்பாற்றக் கோரி இயக்கம் நடத்தினார்கள். நிறுவனத்தின் டோனட் மொழிபெயர்ப்பைக் கிண்டல் செய்த அதே தலைமுறை, போக்கிமான் நாயகன் ஆஷுக்குக் குரல் கொடுத்த வெரோனிகா டெய்லருக்காகவும் அவருடைய சக கலைஞர்களுக்காகவும் நின்றது. நிறுவனம் வேறு, அதில் உழைத்த கலைஞர் வேறு என்று பிரித்துப் பார்க்கும் கண் அவர்களுக்கு இருந்தது. 2011-இல் பலர் அந்தக் கண்ணை மூடிக்கொண்டார்கள். இல்லாத திறமையை அவர்களிடம் நான் கேட்கவில்லை.

கடைசி மறுப்பு எனக்கே கவலை தருவது. தீர்ப்பு வரும்வரை வாயை மூடு என்றால், அது பெரிய நிறுவனங்களுக்குத்தானே சாதகம்? உண்மைதான். பல வழக்குகள் தீர்ப்பே இல்லாமல், பூட்டிய அறைக்குள் சமரசமாகி முடிகின்றன. அதனால் நான் மௌனத்தைக் கேட்கவில்லை. கேள்வியைக் கேட்கிறேன். ஒரு நிறுவனத்தின் மீது மோசடிக் குற்றச்சாட்டு வரும்போது ரசிகர் கேட்கக்கூடிய கேள்விகள் நிறைய உண்டு. குற்றம் சாட்டுவது யார், அவருக்கு இதில் என்ன லாபம்? சொல்லப்படும் தவறு என்ன: பணமே கொடுக்கவில்லையா, குறைத்துக் கொடுத்தார்களா, ஒப்பந்தத்தின் ஒரு சொல்லை இரண்டு விதமாகப் படிக்கிறார்களா? எதிர்த்தரப்பு என்ன பதில் சொல்கிறது? முன்பதிவுக்கு வாங்கிய பணம் என்ன ஆகும்? குரல் கலைஞர்களுக்குச் சம்பளம் வந்துவிட்டதா? நீதிமன்ற ஆவணங்கள் பொதுவில் கிடைக்கும் நாட்டில் இவற்றுக்குப் பாதி விடையாவது கிடைக்கும். வசை பாடுவதைவிட நிறுவனங்களை இந்தக் கேள்விகள் அதிகம் சங்கடப்படுத்தும். ‘ஜெல்லி டோனட் கம்பெனி’ என்று திட்டினால் அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘டிவிடி முன்பணத்தை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்’ என்று கேட்டால் சொல்லியாக வேண்டும்.

இன்று அனிமே நம் மொழியிலும் பேசுகிறது. கிரஞ்சிரோல் என்ற இணைய ஒளிபரப்புத் தளம் சில தொடர்களைத் தமிழ் ஒலியோடு தருகிறது. 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் திரைப்படம் தமிழ்க் குரலிலும் நம் திரையரங்குகளுக்கு வந்தது. தமிழில் எப்படிப் பேச வைக்கிறார்கள், எதை மாற்றுகிறார்கள், எதை விடுகிறார்கள் என்று தமிழ் ரசிகர்களான நீங்கள் வாதாடத் தொடங்கிவிட்டீர்கள். வாதாடுங்கள். மொழிபெயர்ப்பு சரியில்லை என்றால் உரக்கச் சொல்லுங்கள். அந்த உரிமை உங்களுடையது, அதற்கு எந்த ஆவணமும் தேவையில்லை, திரையும் காதும் போதும். ஆனால் ஒருநாள் அதே நிறுவனத்தின் மீது பணத்தை மறைத்தது என்று யாராவது குற்றம் சாட்டினால், திரையில் பார்த்ததை அங்கே சாட்சியாகக் கொண்டுபோகாதீர்கள். அங்கே வேறு சாட்சிகள் தேவைப்படும், அவற்றைக் கேளுங்கள், கிடைக்கும்வரை காத்திருங்கள். சோற்றுருண்டையை டோனட் என்று சொல்லக் கூடாது என்று எதற்காகக் கோபப்பட்டோம்? கண்ணெதிரே இருப்பதை இருக்கிறபடி சொல்ல வேண்டும் என்பதற்காக. குற்றச்சாட்டைக் குற்றச்சாட்டு என்றும், தீர்ப்பைத் தீர்ப்பு என்றும் சொல்வதில் நாம் கேட்பதும் அந்த நேர்மையைத்தான்.